அவ ஏன் அப்படி நடக்கிறா?

எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணுக்கு இரண்டு தடவை பெயர் வைக்கிறார்கள். பிறந்தபோது தாய் தகப்பன் வைப்பது ஒன்று. வளர்ந்தபின் ஊர் வைப்பது மற்றொன்று. முதலாவது பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கும். இரண்டாவது பெயர் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் சங்கக் கூட்டத்திலும் புழங்கும். “அவ சரியான எடுப்பு”, “அது ஒரு வாயாடி”, “உது அமசடக்கு”, “எதிலையும் நொட்டை பிடிக்கிற மனுசி.”

அரியாலையிலும் அயற்கிராமங்களிலும் மாதர் சங்கங்களோடு வேலை செய்கின்றபோது இந்த நான்கு பெயர்களும் அடிக்கடி காதில் விழுகின்றன. சங்கமொன்று குழம்பும்போது எல்லோரும் முதலில் கணக்குப் புத்தகத்தைத்தான் தேடுகின்றார்கள். ஆனால் நான் கண்ட அளவில், கணக்குச் சரியாக இருந்தும் குழம்பிய சங்கங்கள் உண்டு. “அவ இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டன்” என்று ஒருவர் ஒதுங்குகிறார். அவரோடு மேலும் இருவர் ஒதுங்குகிறார்கள். அவர்களுடைய சேமிப்பு நின்றுபோகிறது. கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்து வாழும் ஒரு பெண்ணுக்கு, சங்கத்திலிருந்து ஒதுங்குவது என்பது அவசரத்துக்கு 5,000 ரூபா கேட்கக்கூடிய ஒரே இடத்தை இழப்பதாகும். ஆகவே “அவ ஏன் அப்படி நடக்கிறா?” என்ற கேள்வி வெறும் ஊர்வம்பு அல்ல. அதற்குச் சரியான விடை காண்பதில் எங்கள் வாழ்வும் தங்கியிருக்கின்றது.

ஒரு கூட்டம், நான்கு பெண்கள்

ஒரு சங்கக் கூட்டத்தை மனதில் கொண்டுவாருங்கள். சுழற்சி நிதியில் 50,000 ரூபா இருக்கிறது. அதில் தையல் இயந்திரம் வாங்குவதா, கோழி வளர்ப்புக்குக் கடனாகக் கொடுப்பதா என்பது பேச்சு.

முதலாமவர் எழுந்து, “இண்டைக்கே முடிவெடுப்பம், இழுத்தடிக்க வேண்டாம்” என்கிறார். இரண்டாமவர், “எல்லாரும் சேர்ந்து தைச்சால் எவ்வளவு பம்பலாய் இருக்கும்” என்று கூட்டத்தையே சிரிக்க வைக்கிறார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தலையாட்டுகிறார். நான்காமவர், “இயந்திரம் பழுதானால் யார் காசு கட்டுறது? அது எழுத்தில இருக்கோ?” என்று கேட்கிறார்.

ஊர் வைக்கும் பெயர்களின்படி முதலாமவர் எடுப்பு, இரண்டாமவர் வாயாடி, மூன்றாமவர் அமசடக்கு, நான்காமவர் நொட்டை. இந்த நான்கும் ஏச்சுப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். இதே நான்கு பேரும் ஆண்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? முதலாமவர் தலைமைத்துவம் உள்ளவர், இரண்டாமவர் கலகலப்பான மனிதர், மூன்றாமவர் நிதானமானவர், நான்காமவர் விபரம் தெரிந்தவர். நடத்தை ஒன்றுதான். பெயர்தான் மாறுகிறது. பெண் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று சிறு வயதிலிருந்தே எங்களுக்குள் பதிக்கப்பட்டிருக்கும் அளவுகோலே இதற்குக் காரணம். சமூகவியலில் இதைச் சமூகமயமாக்கல் என்பார்கள். அந்த அளவுகோலை ஆண்கள் மாத்திரம் தூக்கிப் பிடிப்பதில்லை. நாங்களும்தான் பிடிக்கிறோம்.

மார்ஸ்ரன் கேட்ட இரண்டு கேள்விகள்

இந்த நான்கு வகை நடத்தைகளையும் ஏச்சு இல்லாமல் விளக்க முயன்றவர்களில் ஒருவர் வில்லியம் மோல்ரன் மார்ஸ்ரன் என்ற அமெரிக்க உளவியலாளர். நோயாளிகளின் மனத்தைப் பற்றியே அதிகம் பேசப்பட்ட அக்காலத்தில், சாதாரண மனிதரின் உணர்ச்சிகளைப் பற்றி 1928 ஆம் ஆண்டில் ஒரு நூலை எழுதினார். பொய் சொல்லும்போது இரத்த அழுத்தம் மாறுகிறதா என்று ஆராய்ந்தவரும் இவரே. சட்டமும் உளவியலும் கற்ற மனைவி எலிசபெத்தும் அவருடைய ஆய்வுகளில் துணைநின்றார். 1941 இல் சித்திரக்கதை உலகில் தோன்றிய ‘வொண்டர் வுமன்’ என்ற வீரப் பெண் பாத்திரத்தை உருவாக்கியவரும் இதே மார்ஸ்ரன்தான்.

மார்ஸ்ரனின் சிந்தனையை இரண்டு கேள்விகளில் அடக்கலாம். இந்த மனிதர் தன்னைச் சுற்றியுள்ள சூழலைச் சாதகமானதாகக் காண்கிறாரா, எதிரானதாகக் காண்கிறாரா? அந்தச் சூழலைவிடத் தனக்குப் பலம் அதிகம் என்று நினைக்கிறாரா, குறைவு என்று நினைக்கிறாரா?

சூழல் எதிரானது, ஆனால் என்னால் வெல்ல முடியும் என்று நினைப்பவர் முன்னே பாய்கிறார். சூழல் சாதகமானது, என்னால் மற்றவரை இழுத்துச் செல்ல முடியும் என்று நினைப்பவர் பேசிக் கவர்கிறார். சூழல் நல்லது, நான் அதற்கு இசைந்து போகலாம் என்று நினைப்பவர் அமைதியாகத் துணைநிற்கிறார். சூழல் எதிரானது, எனக்கோ பலம் குறைவு என்று நினைப்பவர் விதிகளையும் விபரங்களையும் பிடித்துக்கொண்டு அவதானமாக நடக்கிறார். பின்னர் வந்த உளவியலாளர்கள் இந்த நான்கையும் வைத்து வினாக்கொத்துகளைத் தயாரித்தார்கள். இன்று கம்பனிகளிலும் முகாமைத்துவச் செயலமர்வுகளிலும் ஆதிக்கம், செல்வாக்கு, நிலைப்பு, கவனம் என்ற நான்கு தலைப்புகளில் கற்பிக்கப்படுவது இதன் வழிவந்ததே.

எங்கள் கூட்டத்துக்குத் திரும்புவோம். “எழுத்தில இருக்கோ?” என்று கேட்ட நான்காமவர் நொட்டை பிடிக்கவில்லை. எழுத்தில் இல்லாத ஒரு வாக்குறுதியால் அவர் முன்பு நட்டப்பட்டிருக்கலாம். அவருடைய கேள்வி கேட்கப்படாமல் விடப்பட்டிருந்தால், இயந்திரம் பழுதாகும் நாளில் சங்கம் இரண்டாகியிருக்கும். பாய்பவர் இல்லாத சங்கம் முடிவெடுக்காது. பேசுபவர் இல்லாத சங்கத்துக்கு ஆட்கள் வரமாட்டார்கள். இசைந்து போகிறவர் இல்லாத சங்கம் நிலைக்காது. கேள்வி கேட்பவர் இல்லாத சங்கம் ஏமாறும். நால்வரும் வேண்டும்.

பாணி வெளியே, நோக்கம் உள்ளே

எப்படி நடக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். எதற்காக நடக்கிறார் என்பது தெரியாது. முதலாவதைப் பாணி என்றும் இரண்டாவதை உந்துதல் என்றும் வைத்துக்கொள்வோம். ஜேர்மனிய அறிஞர் எட்வார்ட் ஸ்ப்ராங்கர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மனித வாழ்வை இழுத்துச் செல்லும் ஆறு பெறுமானங்களைப் பிரித்துக் காட்டினார். அறிவு, பயன், அழகு, பிறர்நலம், அதிகாரம், சமயம் என்பன அவை. இந்த ஆறையும் அளக்கும் ஒரு வினாக்கொத்தை 1931 இல் அமெரிக்காவில் ஓல்போட், வேர்ணன் என்ற இருவர் வெளியிட்டனர்.

ஒரு தையல் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பெண்கள் ஒழுங்காக வருகிறார்கள். ஒருவர் புதிதாக ஒன்றைப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் வருகிறார். ஒருவருக்குப் பாடசாலைச் சீருடை தைத்துக் கிடைக்கும் வருமானமே முக்கியம். ஒருவருக்குப் பூவேலைப்பாடு செய்யும்போது மனம் நிறைகிறது. ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பதில் மகிழ்கிறார். ஒருவருக்கு நாளைக்குத் தானே வகுப்பெடுக்கும் நிலைக்கு வரவேண்டும். இன்னொருவருக்குக் கோயிலுக்குத் தன் கையால் சாத்துப்படி தைத்துக் கொடுக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் வருமானம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பயனுக்காக வந்தவர் நின்றுவிடுவார். அவரைச் “சோம்பேறி” என்று நாங்கள் சொன்னால் அது அநியாயம். அவருக்குத் தேவையானது சந்தை வசதி. அழகுக்காக வந்தவரிடம் ஒரே மாதிரியான ஐம்பது சீருடைகளைக் கொடுத்தால் அவரும் நின்றுவிடுவார். அவருக்குத் தேவையானது வேறு வேலை. நாங்கள் இருவருக்கும் ஒரே புத்திமதியைச் சொல்லி, இருவரையும் இழந்துவிடுகிறோம்.

வீட்டிலும் இதுதான். படிப்பில் கெட்டிக்காரியான மூத்த மகளைக் காட்டி இளையவளை ஏசுகிறோம். மூத்தவளை இழுப்பது அறிவு. இளையவளை இழுப்பது ஆட்களோடு பழகுவதாக இருக்கலாம். தனியறையில் பூட்டிப் படிக்கவைத்தால் இளையவள் வாடுவாள். நாலு சிநேகிதிகளோடு சேர்ந்து படிக்கவிட்டால் அதே பாடம் ஏறும்.

மற்றவரின் உந்துதலை எப்படி அறிவது? ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். “ஏன் பிள்ளை, உங்களுக்கு இதில விருப்பமில்லையோ?” என்று ஒரு நாள் ஒரு சகோதரியிடம் தனியாகக் கேட்டபோது, “விருப்பம்தான் அக்கா, வீட்டில கேட்டுத்தான் சொல்லோணும்” என்று மெதுவாகச் சொன்னார். கூட்டத்தில் அவர் காத்த மௌனத்துக்கு விருப்பமின்மை என்றுதான் எல்லோரும் பொருள் கொண்டிருந்தார்கள். அது விருப்பமின்மை அல்ல, அனுமதியின்மை.

சூழல் மாறினால் மனிதர் மாறுவர்

பாணி, உந்துதல் என்ற இரண்டையும் பார்த்தால் மட்டும் போதாது. மூன்றாவதாகச் சூழலையும் பார்க்க வேண்டும். ஒருவரின் நடத்தை என்பது அந்த மனிதரும் அவருடைய சூழலும் சேர்ந்து பிறப்பிப்பது என்று 1936 இலேயே கேர்ட் லெவின் என்ற உளவியலாளர் எழுதினார்.

1973 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். சமய குருமாருக்கான பயிற்சி மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேசுவதற்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சரிந்து கிடந்தார். நேரம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 வீதமானோர் அவருக்கு உதவினர். பிந்திவிட்டீர்கள், ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 வீதமானோரே உதவினர். சிலர் பேசப்போனதோ, வீதியில் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி! அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவசரத்தில் இருந்தார்கள்.

மற்றவர் தவறினால் அவருடைய குணம் சரியில்லை என்கிறோம். நாங்கள் தவறினால் நிலைமை சரியில்லை என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் லீ ரோஸ் 1977 இல் மற்றவர் மீதான இந்தச் சாய்வுக்கு அடிப்படைத் தவறு என்ற பொருளில் ஒரு பெயரையே கொடுத்தார்.

எங்கள் மண்ணில் இதை மறப்பது மிகப் பெரிய தவறாகும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கண்டி வீதியில் இறங்கி, அரியாலையைத் தாண்டி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல இடப்பெயர்வுகள். பல வருடங்களாக, அதிகம் கதைக்காமல் இருப்பதும், புதியவரை நம்பாமல் இருப்பதும், முன்னுக்கு நில்லாமல் இருப்பதுமே உயிரைக் காத்தன. வடக்கில் நீண்டகாலம் உளமருத்துவப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையுமே காயப்படுத்துகிறது என்பதைத் தமது நூல்களிலும், கூட்டு மனவடு பற்றிய 2007 ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் விளக்கியிருக்கிறார். இன்று நாங்கள் ‘அமசடக்கு’ என்று சொல்லும் மௌனத்தில் எவ்வளவு பிறவிக் குணம், எவ்வளவு அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட பாடம் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

போர் 2009 இல் முடிந்த பின்னரும் சூழல் மனிதரை மாற்றிக்கொண்டே இருந்தது. நுண்கடன் கம்பனிகள் வடக்குக்கு வந்தன. பல கடன்கள் குழுப் பிணையில் கொடுக்கப்பட்டன. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். நேற்றுவரை ஒருவருக்கொருவர் உதவிய அயலவர்கள், கிழமைக் கட்டுக்காசு நாளில் ஒருவரையொருவர் ஏசினார்கள். கடன்சுமை பெரும் பிரச்சினையாகி, 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்க வேண்டிவந்தது. அந்த ஏச்சுகள் அந்தப் பெண்களின் குணமா? கடன் ஒப்பந்தத்தின் குணம் என்பதே பொருத்தம்.

2020 மார்ச்சையும் நினைத்துப் பாருங்கள். யாழ். மாவட்டத்தில் முதலாவது கொரோனாத் தொற்று இனங்காணப்பட்டபோது, எங்கள் ஊரில் நடந்த ஓர் ஆராதனையோடு அது தொடர்புபட்டதால் அரியாலையின் பெயர் செய்திகளில் அடிபட்டது. ஊரடங்கு நாட்களில், கூட்டங்களில் வாய் திறக்காத சிலர் வேலிக்கு மேலால் மருந்தும் மரக்கறியும் கைமாற்றினார்கள். கலகலப்பான சிலர் வீட்டுக்குள் ஒடுங்கிப்போனார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

எச்சரிக்கை வேண்டும்

நான்கு பாணி, ஆறு உந்துதல் என்று படித்தவுடன் எல்லோருக்கும் ஒரு இலக்கம் ஒட்டும் ஆசை வரும். பழைய ஏச்சுப் பெயருக்குப் பதிலாகப் புதிய பெயர் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. 1948 இல் பேர்ட்ரம் போரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்முடைய 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைப் பரீட்சை வைத்தார். பின்னர் ஒவ்வொருவரிடமும் “இது உமது ஆளுமை” என்று ஒரு தாளைக் கொடுத்தார். மாணவர்கள் அதன் பொருத்தத்துக்கு 5 க்குச் சராசரியாக 4.26 புள்ளி வழங்கினர். ஆனால் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள்! அதிலிருந்த வசனங்களோ பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ஆகவே காசு கட்டிச் செய்யும் பரீட்சையாக இருந்தாலும், அதன் முடிவை அப்படியே நம்பிவிடக் கூடாது. இன்றைய ஆளுமை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் மனிதரைப் பெட்டிகளாகப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு இயல்பும் ஒவ்வொருவரிடமும் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்றே கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்ல வேண்டும். “அவற்றை சுபாவம் அப்பிடித்தான்” என்று அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள்வதற்கு இந்த அறிவு உதவக் கூடாது. வன்முறை ஒரு நடத்தைப் பாணி அல்ல. மற்றவரைப் புரிந்துகொள்ளும் கடமை அடிவாங்குகிறவருக்கு மாத்திரம் உரியதும் அல்ல. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கூட்டத்தில் எப்படிக் கதைப்பது?

முடிவை விரும்புபவரிடம் சுற்றி வளைக்காதீர்கள். விடயத்தை முதலில் சொல்லுங்கள், ஒரு பொறுப்பையும் கையில் கொடுங்கள்.

கலகலப்பானவரைக் கணக்கெழுத இருத்தாதீர்கள். வீடு வீடாகச் சென்று ஆட்களை அழைத்துவரும் வேலையைக் கொடுங்கள். அவர் செய்ததைப் பலர் முன்னிலையில் பாராட்டுங்கள்.

அமைதியானவரை எல்லோர் முன்னிலையிலும் “நீங்கள் ஏன் ஒண்டும் கதைக்கேல்லை?” என்று கேட்காதீர்கள். முதல் நாளே தனியாகக் கேளுங்கள். யோசிக்க நேரம் கொடுங்கள். அவருடைய தலையாட்டலைச் சம்மதமாக எழுதிவிடாதீர்கள்.

விபரம் கேட்பவரைச் சிரித்து அடக்காதீர்கள். கணக்கையும் யாப்பையும் அவர் கையில் கொடுத்து, பிழை இருந்தால் சொல்லுமாறு கேளுங்கள்.

திருவள்ளுவரும் 51 ஆம் அதிகாரத்தை ஒருவரை ஆராய்ந்து தெளிவதற்கும், அடுத்த அதிகாரத்தை அவருக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பதற்கும் ஒதுக்கியிருக்கிறார். தெளிவது முதலில், வேலை கொடுப்பது பிறகு. நாங்கள் பல வேளைகளில் தலைகீழாகச் செய்கிறோம். யார் ஓய்வாக இருக்கிறாரோ அவரைப் பொருளாளராக்கிவிட்டு, பிறகு அவருடைய குணத்தை ஆராய்கிறோம்.

முதலில் எங்களையே

மற்றவரை அளப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதிப் பாருங்கள். கடைசியாக எனக்குக் கோபம் வந்தபோது நான் பாய்ந்தேனா, கதைத்துச் சமாளித்தேனா, ஒதுங்கினேனா, குறை தேடினேனா? ஒருவரும் காசு தராவிட்டாலும், ஒருவரும் புகழாவிட்டாலும் நான் விட்டுவிடாமல் செய்யும் வேலை எது? வீட்டில் ஒரு மாதிரியும் சங்கத்தில் வேறு மாதிரியும் நான் நடந்தால், அந்த மாற்றத்தைச் செய்வது யார், எது? முதலாவது விடை உங்கள் பாணியைக் காட்டும். இரண்டாவது உந்துதலைக் காட்டும். மூன்றாவது சூழலைக் காட்டும்.

பிறகு, உங்களுக்குச் சரிவராது என்று நினைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி இதே மூன்றையும் எழுத முயலுங்கள். முதலாவதற்கு விடை உடனே வரும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாகப் போய், அவருக்குப் பக்கத்தில் இருந்து, அந்த இரண்டு இடத்தையும் அவரிடமே கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.